பரிகம் தாண்டாத படங்கள்

கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே அதிகமான சினிமா பார்த்த மனிதர் யார் என்று என்னைக் கேட்டால் கிளைமாக்ஸ் அண்ணன் என்பேன். அந்தச் சினிமாக்களில் ஒன்றின் முடிவைக்கூடப் பார்க்காத மனிதர் யார் என்று கேட்டாலும் அவர் பெயரைத்தான் சொல்வேன். இரண்டிலும் அவருக்குப் போட்டி கிடையாது. மூன்றாவதாக ஒன்றும் உண்டு. என் பொறுமையை அவரளவுக்குச் சோதித்தவர் யாரும் இல்லை. அதிலும் அவரே முதல்.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் என் கம்ப்யூட்டர் கடையில் அவருடைய ஆதார் முகவரியை மாற்றிக் கொடுத்தவள் நான்தான். அப்போது அந்தப் பெயரை என் கையால் தட்டெழுதினேன். இப்போது ஞாபகம் இல்லை. அவர் மனைவி தனம் அக்காவே "கிளைமாக்ஸ் வூடு இதுதானுங்களா?" என்று யாராவது கேட்டால் "ஆமா, உள்ள வாங்க" என்கிறார். பிறகு எனக்கென்ன வந்தது?

அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் அவர் கண்டக்டர். பஸ்ஸுக்குள் டிவி மாட்டி டிவிடி ஓடவிட்ட காலம் அது. சாயங்கால ட்ரிப் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பும்போது விசில் ஊதுவார். கூடவே தட்டைப் போடுவார். டிவிடியை அவர் தட்டு என்றுதான் சொல்வார். கச்சிராயபாளையத்தில் கூட்டம் ஏறும், மூட்டை ஏறும், டிரைவர் டீ குடிப்பார். படம் பாட்டுக்கு ஓடும். கோமுகி அணையைத் தாண்டினால் இடைவேளை. பரிகம் வரும்போது படம் சூடு பிடித்திருக்கும். அங்கேதான் வம்பு. பரிகத்துக்கு மேல் கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் பஸ் ஒரு குலுக்குக் குலுக்கும், தட்டு குதிக்கும், கதாநாயகன் அழுதுகொண்டே திக்குவான். மூன்றாவது வளைவில் டிரைவர் கத்துவார்.

"யோவ், அத்த நிறுத்துய்யா! மலை ஏறுறதா, படம் பாக்குறதா?"

அண்ணன் நிறுத்திவிடுவார். மறுநாள் காலையில் இறங்கும் ட்ரிப்பில் சாமி பாட்டு மட்டும்தான் போடவேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. ஆக, அந்த பஸ்ஸில் ஓடிய எந்தப் படமும் முடிந்ததே இல்லை. கச்சிராயபாளையத்துக்காரர்களுக்கு இரண்டாவது பாட்டு வரை தெரியும். பரிகத்துக்காரர்களுக்கு வில்லன் யார் என்பது தெரியும். வெள்ளிமலைக்காரர்கள் பெரிய மனது பண்ணி வில்லன் திக்குவது வரை பார்த்திருப்பார்கள்.

காலையில் பஸ் ஏறியதும் அதே ஜனங்கள் சாமி பாட்டுக்கு மேலே குரலை உயர்த்திக் கேட்பார்கள். "இன்னாண்ணே ஆச்சு? அந்தப் பொண்ணு கெடைச்சாளா இல்லியா?"

தெரியாது என்று சொல்வதுதானே நியாயம்? இவர் டிக்கெட் கிழித்துக்கொண்டே முடிவைச் சொல்வார். சொந்தமாக. அங்கேயே, நின்றபடி. ராத்திரி வெள்ளிமலையில் பஸ்ஸோடு தங்கிவிட்டுப் பட்டினியாகக் காலையில் இறங்குகிற மனிதர் அவர். அதனாலோ என்னவோ அவர் சொன்ன முடிவுகளில் எல்லோரும் கடைசியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கதாநாயகன் சாப்பிட்டான். அவன் அம்மா பரிமாறினாள். வில்லனும் சாப்பிட்டான்.

"வில்லனுக்குமாண்ணே சோறு?" என்று ஒரு அம்மாள் கோபப்பட்டிருக்கிறாள்.

"அவனும் காலைல இருந்து சண்ட போட்டுக்கினுதானம்மா இருக்கான்? அவனுக்குப் பசிக்காதா?"

ஆளுக்குத் தகுந்தபடி முடிவை மாற்றவும் செய்வார். ஒரு முறை கரியாலூர் டீக்கடையில் இரண்டு பேருக்குள் கைகலப்பு. ஒரே படம். கடைசியில் தம்பி ஜெயிலுக்குப் போனான் என்கிறான் ஒருவன். தம்பி அரிசி மில் வைத்தான் என்கிறான் இன்னொருவன். இரண்டு பேரும் சட்டை கிழிந்து வந்து பஸ்ஸை மறித்தார்கள்.

"யோவ் கிளைமாக்ஸு, நீ யாருக்கு நெஜத்தச் சொன்ன?"

"ரெண்டு பேருக்குந்தான். அவனுக்கு அவன் படம், உனக்கு உன் படம். டிக்கெட்டு தனித்தனியாத்தான வாங்குனீங்க?"

இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். என்னிடம் சொல்லியிருந்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன். மலை ஜனங்கள் நல்லவர்கள்.

சரி, வீட்டுக்குப் போய் அந்தத் தட்டைப் போட்டு முடிவைப் பார்த்திருக்கலாம் அல்லவா? நானும் கேட்டேன். என்னைப் பார்த்து, பரிதாபப்படுவதைப்போல உச்சுக் கொட்டினார். "தெரிஞ்சிக்கினா அப்புறம் எப்பிடிம்மா சொல்றது?"

பஸ்களில் டிவியைக் கழற்றிய பிறகு அத்தனை தட்டுகளும் அவர் வீட்டுக்கு வந்தன. பஸ்ஸில் ஓட்ட அவரே தேடித் தேடி வாங்கியவையும் அதில் சேர்த்தி. எல்லாம் ஒரிஜினல். அதில் மட்டும் அவர் ரொம்பக் கறார். "டூப்ளிகேட்டு தட்டு கச்சிராயபாளையமே தாண்டாது" என்பார். சங்கராபுரம் ரோட்டில் இருக்கும் அந்த வீட்டில் இரண்டே அறைகள். அதில் காற்று வரும் அறையைத் தட்டுகளுக்குக் கொடுத்துவிட்டார். தரையிலிருந்து கூரை வரைக்கும் தட்டு. கதவைத் திறந்தால் பூஞ்சை வாடை மூக்கில் ஏறும்.

"ஊர்ல இருக்குற ஹீரோ எல்லாம் என் வூட்டுல ஓசில குடியிருக்கான். நான் அடுப்பங்கரைல படுத்துக்கினு இருக்கேன்" என்று தனம் அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறார். அக்காவும் என்னைப்போலத்தான், மனதில் இருப்பது வாயில் வந்துவிடும். அதனால் எங்களுக்குள் நன்றாக ஒத்துப்போகும்.

இப்படியே காலம் போயிருக்கும். அவர்களுடைய ஒரே மகள் செல்வி உண்டானாள். திருநாவலூரில் கட்டிக்கொடுத்த பெண். தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்ததும் தாய் வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். வராவிட்டால் ஊர் பேசும் என்பது கிடக்கட்டும், தனம் அக்காவுக்குச் சோறு இறங்காது. செல்விக்குச் சின்ன வயதிலிருந்து இழுப்பு உண்டு. தூசியும் பூஞ்சையும் ஆகாது. அவள் போனில் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள்.

"தட்டு இருக்குற வூட்டுக்கு நான் வரமாட்டேன். இங்கியே பெத்துக்கிறேன்."

அவள் மாமியார் அதற்கு மேலே போனார். தானே நேரில் வந்து அறையைப் பார்ப்பேன், பிடித்தால்தான் மருமகளை அனுப்புவேன் என்று செய்தி வந்தது. அன்றைக்கே தனம் அக்கா பழைய பேப்பர் கடைக்காரனிடம் சாக்கு எடுத்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் கிளைமாக்ஸ் அண்ணன் என் கடைக்கு வந்தார். வாசலில் நின்றுகொண்டு உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணினார். அது பழக்கம். பிறகு கவுண்டருக்கு வந்தார்.

"தங்கச்சி, பஸ்ஸு மாத்தணும்."

"எந்த பஸ்ஸுண்ணே?"

"தட்டுல இருக்குற எல்லாரையும் எறக்கி ஒரு பெட்டிக்குள்ள ஏத்தணும். பெட்டிய டிவில மாட்டிட்டா தட்டு வாணாமாமே? உன்ன மாதிரி ஒருத்தன் யூடியூப்ல சொல்றான்."

"அதுக்கு எதுக்குண்ணே இவ்ளோ பாடு? எல்லாப் படமும் போன்லயே வருது."

"அது அவன் வூட்டுப் படம். இது என் வூட்டுப் படம்."

ஓர் ஆபீஸில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்று என்னிடம் கிடந்தது. அதைத் துடைத்து, பெரிய ஹார்ட் டிஸ்க் போட்டு, தட்டு படிக்கிற டிரைவ் மாட்டி, அவர் வீட்டு டிவியோடு இணைத்துக் கொடுத்தேன். ஒரு தட்டை உள்ளே தள்ளினால் அதன் படம் முழுக்கப் பெட்டிக்குள் போய்விடும். அவ்வளவுதான் வேலை. தட்டைத் தள்ளு, எடு, அடுத்ததைத் தள்ளு. இதில் பைத்தியக்காரத்தனம் பண்ண எந்த வழியும் இல்லை என்று நம்பி வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் தனம் அக்காவிடமிருந்து போன். "ஏய், மொட்டமாடிக்கு வந்து பாருடி."

போய்ப் பார்த்தேன். தட்டில் பூஞ்சை இருந்தால் மெஷின் படிக்காது, சுத்தமாகத் துடைத்துப் போடுங்கள் என்று நான்தான் சொல்லியிருந்தேன். அவர் சோப்புத் தண்ணீரில் கழுவி, பாய் விரித்து, அக்கினி வெயிலில் கூழ் வடாம் காயவைப்பது மாதிரி வரிசையாகக் காயவைத்திருந்தார். காக்கா வராமலிருக்க குடையோடு காவல் வேறு. எதிர் வீட்டுச் சுவரெல்லாம் வட்ட வட்டமாக வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு தட்டைக் கையில் எடுத்தேன். அப்பளம் மாதிரி வளைந்திருந்தது.

"யாருண்ணே வெயில்ல காயவெக்கச் சொன்னது?"

"ஈரத்தோட ஏத்துனா பெட்டிக்குச் சளி புடிக்காதா?"

நான் கத்திய கத்தலில் குடையை மடக்கிவிட்டார்.

அடுத்த சண்டை படங்களுக்குப் பெயர் வைப்பதில். ஒரு படம் ஒரு கோப்பு, மேலே படத்தின் பெயர். உலகம் முழுக்க அப்படித்தான். இவருக்கு அது ஒப்பவில்லை. ஒவ்வொரு படத்தையும் ஸ்டாப் ஸ்டாப்பாக வெட்டவேண்டும் என்றார். கள்ளக்குறிச்சி முதல் கச்சிராயபாளையம் ஒரு துண்டு. அங்கிருந்து அணை. அணையிலிருந்து பரிகம்.

"முழுப் படமா இருந்தா எங்க எறங்கறதுன்னு தெரியாதும்மா. ஜனங்க தடுமாறுவாங்க."

"எந்த ஜனங்கண்ணே? வூட்டுல நீயும் அக்காவுந்தான இருக்கீங்க?"

"அவ கச்சிராயபாளையத்துலயே தூங்கிடுவா. அதுக்குத்தான் சொல்றன்."

வெட்டினேன். என்ன செய்ய? நேரம் பார்க்காமல், எந்தக் காட்சியில் எந்த ஸ்டாப் என்று மனப்பாடமாகச் சொன்னார். "தங்கச்சிக்காரி குடத்தக் கீழ போட்டாளா? அதான் அணை. வெட்டு." ஒவ்வொரு தட்டும் உள்ளே போகும்போது விசில் ஊதி "ரைட், போலாம்" என்றார். பக்கத்து வீட்டில் புகார் வந்தது. பிறகு விசிலை விட்டுவிட்டு வாயால் ஊதினார்.

இதற்கெல்லாம் பிறகுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. எந்தத் தட்டைப் போட்டாலும் பாதிக்கு மேல் போய் மெஷின் முனகியது, நின்றது. எல்லாத் தட்டிலும் ஒரே இடம். தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். விளிம்பை ஒட்டி வட்டமாகக் கீறல். படத்தின் கடைசிப் பகுதி இருக்கும் இடம் அது. மலை வளைவுகளில் தட்டு குதித்துக் குதித்துப் படிக்கிற லென்ஸ் உரசியதோ, பிளேயரின் உள்பக்கம் உரசியதோ, அந்தப் பகுதி போயே போய்விட்டது. துடைத்துப் பார்த்தேன். வேறு டிரைவ் மாட்டிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இப்படி ஒரு செய்தியை நயமாகச் சொல்ல எனக்கு வராது.

"அண்ணே, ஒரு படத்துக்கும் கடைசி வராது. பரிகத்தோட சரி. மனசத் தேத்திக்க."

அவர் முகம் வாடும் என்று எதிர்பார்த்தேன். பேண்ட் பையில் கைவிட்டு போனை எடுத்தார்.

"வராட்டி போவட்டும். நான் சொல்றன், நீ புடி."

அப்படித்தான் அந்தக் கூத்து ஆரம்பித்தது. படம் அறுந்துபோகும் இடத்துக்குப் பின்னால் அவர் குரலை ஒட்டவேண்டும். பின்னணியில் என்ன படம் போட என்று கேட்டேன். "கறுப்பா இருக்கட்டும். மலைல லைட்ட அணைச்சாத்தான் கத கேப்பாங்க" என்றார். மனிதர் தினமும் மத்தியானம் என் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு படத்துக்கும் முடிவு சொல்லிப் பதிவு செய்தார். வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வந்தவர்கள் விண்ணப்பத்தை மறந்து நின்று கேட்டார்கள். ஒரு பெரியவர் குறுக்கே பேசி, வில்லனுக்குத் தண்டனை போதாது என்று வாதாடிய சத்தமும் ஒரு படத்தில் பதிவாகியிருக்கிறது. அழிக்கலாமா என்றேன். "இருக்கட்டும்மா, பஸ்ஸுன்னா நாலு பேரு பேசத்தான் பேசுவாங்க."

சம்பந்தி அம்மாள் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் வேலை ஒருவழியாக முடிந்தது. பழைய பேப்பர் கடைக்காரன் தட்டுகளை எடுத்துப்போயிருக்க வேண்டும். அறை காலியாகிவிட்டது. வெள்ளையடித்து, கட்டில் போட்டு, ஜன்னலுக்குப் புதுத் திரை கூடத் தைத்துப் போட்டிருந்தார் தனம் அக்கா. டிவி வேலை செய்கிறதா என்று பார்க்க என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். நடு வீட்டில் ஒரு புது சோபா. பச்சைப் பூப்போட்ட போர்வை போர்த்தி, இரண்டு பக்கமும் தலையணை வைத்திருந்தது. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்கவேண்டும். சோபாவுக்குக் கால் இல்லை.

கார் வந்தது. செல்வி வயிற்றைத் தாங்கிக்கொண்டு இறங்கினாள். பின்னால் சம்பந்தி அம்மாள். நல்ல ஆகிருதியான மனுஷி. நேராக அறைக்குள் போனார், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார், சுவரைத் தடவி விரலைப் பார்த்தார். தூசி இல்லை. நடு வீட்டுக்கு வந்தார்.

"உக்காருங்க, உக்காருங்க" என்று தனம் அக்கா அந்தப் பச்சைச் சோபாவைக் காட்டினார்.

"அங்க வாணாங்க!" என்று கிளைமாக்ஸ் அண்ணன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். வந்து சேர்வதற்குள் சம்பந்தி அம்மாள் உட்கார்ந்துவிட்டார்.

படக்.

எல்லோரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். அண்ணன் நாற்காலியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். புரிந்துவிட்டது. மனிதர் தட்டுகளைக் கடைக்காரனிடம் கொடுக்கவில்லை. அடுக்கிக் கட்டி, போர்வை போர்த்திச் சோபா பண்ணியிருக்கிறார்.

சம்பந்தி அம்மாள் சாய்ந்து உட்கார்ந்தார். படக், படக். அண்ணன் உதடு லேசாக அசைந்தது. எந்த அடுக்கில் எந்தப் படம் என்பது அவருக்கு மனப்பாடம். செத்தவர்களின் பெயரை மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்ல முடியாது. சொன்னால் தட்டு வீட்டில் இருப்பது தெரியும். தெரிந்தால் மகள் பிரசவத்துக்கு இந்த வீட்டுப் பக்கமே வரமாட்டாள்.

"இன்னாங்க சத்தம்?" என்றார் சம்பந்தி அம்மாள்.

"புது சோபா. பழகணும்" என்றார் தனம் அக்கா, கல்லு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. "நல்லா சாஞ்சி உக்காருங்க சம்பந்தி. அந்தப் பக்கம் நகந்து உக்காருங்க, அங்கதான் காத்து ஜாஸ்தி."

அம்மாள் நகர்ந்தார். படக், படக், படக். நான் காபி டம்ளரை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கினேன். மூக்கில் ஏறிவிட்டது. தனம் அக்காவுக்கு முதலிலிருந்தே தெரியும். தன் கையால் செய்யமுடியாததை சம்பந்தி அம்மாளை உட்காரவைத்துச் செய்து முடித்துக்கொண்டிருந்தார். கிளைமாக்ஸ் அண்ணன் மகள் முகத்தைப் பார்த்தார். அவள் கால் வீங்கியிருந்தது. கையிலிருந்த நாற்காலியை அவளுக்குப் போட்டார். பிறகு சம்பந்தி அம்மாளிடம் போய்ச் சொன்னார்.

"தலகாணி வேணுங்களா? நல்லா… நல்லா சாஞ்சிக்கங்க."

படக்.

பேச்சை மாற்ற நான் டிவியைப் போட்டேன். கையில் கிடைத்த படம் ஓடியது. வீட்டைவிட்டுப் போன மகளைத் தேடி ஊர் ஊராக அலையும் ஓர் அப்பாவின் கதை. சம்பந்தி அம்மாளுக்குப் பிடித்துவிட்டது. பக்கத்தில் யாரையும் பேச விடவில்லை. சாப்பாட்டுத் தட்டைக்கூட மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். மகள் எந்த ரயிலில் போகிறாள் என்று தெரிந்துகொண்டு, ரயில் ஸ்டேஷனுக்கு அப்பா ஓடுகிறார். ஓடிக்கொண்டே இருக்கும்போது பரிகம் வந்துவிட்டது. திரை கறுத்தது.

"கரண்டு போச்சா?" என்றார் அம்மாள்.

கறுப்புக்குள்ளிருந்து குரல் வந்தது. "அதாவது இன்னா ஆவுதுன்னா… இந்த ஆளு ஓடுறாரு. மூச்சு வாங்குது. வயசாச்சில்ல? ரயிலு கூவுது. நீங்க பயப்படாதீங்க, நான் இருக்கேன்…"

சம்பந்தி அம்மாள் டிவியைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். மறுபடி டிவியைப் பார்த்தார். நான் ரிமோட்டைத் தேடினேன். கிடைக்கவில்லை. அது அம்மாளின் கையில் இருந்தது, அவர் நிறுத்தவில்லை. குரல் பாட்டுக்குப் போனது. ரயில் கொஞ்சம் தாமதம், ரயிலுக்குக் கொடி காட்டும் கார்டு தெரிந்த ஆள், அப்பாவைப் பார்த்துக் கொடியை மடக்கி வைத்துக்கொண்டார், பெண் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். சம்பந்தி அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த கார்டு நல்லாருக்கணும்" என்றார்.

குரல் முடிந்ததும் செல்வி அப்பாவைப் பார்த்தாள்.

"எனக்கு ஒரு நாளுகூட நீ கத சொன்னதில்ல."

கிளைமாக்ஸ் அண்ணன் நடு வீட்டில் நின்றார். நின்றபடியே ஏதோ கம்பியைப் பிடிக்கிற மாதிரி கை மேலே போயிற்று. அங்கே கம்பி இல்லை.

"சாங்கால ட்ரிப்புல போனா மலைலதான தங்கணும்… நான் கீழ வரும்போது நீ ஸ்கூலுக்குப் போயிடுவ."

"ஊருக்கெல்லாம் சொல்லியிருக்க."

"டிக்கெட்டு வாங்குனாங்கம்மா" என்றார். எப்போதும்போல வேடிக்கையாகச் சொல்லத்தான் நினைத்திருப்பார். வரவில்லை.

செல்வி மாமியாரின் கையிலிருந்த ரிமோட்டை வாங்கி என்னிடம் நீட்டினாள். "படம் வாணாம்க்கா. கறுப்பா வர்றது மட்டும் போடு. எத்தினி இருக்குது?"

"எல்லாத்துக்கும் இருக்குது" என்றேன்.

அன்று மூன்று முடிவுகள் கேட்டார்கள். எந்தப் படத்தின் முடிவு என்று யாரும் கேட்கவில்லை. கிளம்பும்போது சம்பந்தி அம்மாள் தனம் அக்காவிடம், "வளகாப்பு அன்னைக்கே இங்க அழைச்சிக்கினு வந்துடுங்க. ரூமு நல்லா இருக்குது. சோபாதான் சரியில்ல" என்றார்.

மறுநாள் அண்ணனே சோபாவை அவிழ்த்துச் சாக்கில் கட்டினார். உடையாத தட்டு நிறைய இருந்தது. தனம் அக்கா மனது கேட்காமல், "நல்லதா பத்து வெச்சிக்கய்யா" என்று சொல்லிப் பார்த்தார். "வாணாம், பொண்ணுக்கு இழுக்கும்" என்று எல்லாவற்றையும் கடைக்காரனின் வண்டியில் ஏற்றிவிட்டு, வண்டியின் பின்பக்கத்தைக் கையால் இரண்டு தட்டுத் தட்டினார். வண்டி போனது.

வளைகாப்பு முடிந்து செல்வி வந்துவிட்டாள். மத்தியானம் படுத்துக்கொண்டு அந்தக் கறுப்புத் திரையைத்தான் போட்டுக் கேட்கிறாளாம். போன வாரம் அண்ணன் என் கடைக்கு வந்தார். மருத்துவமனைச் சீட்டை ஜெராக்ஸ் எடுக்க வந்ததாகச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். போகவில்லை. உள்ளே இருந்தவர்களை ஒரு முறை எண்ணினார்.

"தங்கச்சி, உன் போன்ல எல்லாப் படமும் வருதுன்ன இல்ல?"

"வருது."

"அந்த அப்பன் பொண்ணு படம்… முழுசா இருக்குதா அதுல?"

"இருக்குது. பாத்தேன்."

பார்த்ததுதான் தப்பு. அந்தப் படத்தில் அப்பா ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரும்போது ரயில் போயிருக்கும். பெஞ்சில் உட்காருவார். உட்கார்ந்தபடியே செத்துப்போவார். பெண்ணுக்குக் கடைசி வரை தெரியாது. எடுத்தவனை நேரில் பார்த்தால் நான் நாலு வார்த்தை கேட்பேன்.

"செல்வி கேக்குது, நெஜமாவே இப்பிடித்தான் முடியுதாப்பான்னு. நான் இத்தினி வருசம் பாத்ததில்ல. அதுக்கு பதில் சொல்லணுமே." கவுண்டரைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பொண்ணு அப்பனாண்ட வந்துடுதா?"

"வந்துடுதுண்ணே."

"நெஜமா?"

"அட, நான் பாத்தேன்றேன்."

"வந்து இன்னா சொல்லுது?"

ஒரு கதை சொல்லி எனக்குப் பழக்கமே இல்லை. கடையில் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் பெருசா சொல்லலண்ணே. ரயில விட்டு எறங்கி, நேரா வூட்டுக்கு வருது. பையக் கீழ வெச்சிட்டு, 'எந்த ரூம்ல படுக்கட்டும்ப்பா'ன்னு கேக்குது."